சாமிக்கு விட்ட நாற்காலிகள்

தூத்துக்குடிப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி வார்க்கும் பட்டறை ஒன்று. முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சிக்குப் பருத்த சரீரம். உடைந்து திரும்பிவரும் நாற்காலிகளையே மறுபடி மறுபடி உருக்கி வார்ப்பார்.

"பிளாஸ்டிக்குக்கு வயசே கிடையாது. இந்தத் தடவையும் பழசை மட்டும் உருக்கு. ஒண்ணு உடைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது" என்றார், மெஷின் ஓட்டும் சந்தனமாரியிடம்.

உருக்குந்தோறும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகும்; நிறம் மங்கும்; கடைசியில் அப்பளமாய் நொறுங்கும். அறிவியல் இதை ஒப்புக்கொள்கிறது. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை.

"சரி அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி.

கல்யாண மண்டபக்காரர் சரக்கெடுக்க வந்த அன்று, பழசில் வார்த்த முதல் நாற்காலிக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். "புதுச் சரக்குல முதல்ல முதலாளி உட்காரணும். நம்ம பட்டறை வழக்கமாச்சே!"

அண்ணாச்சி நாற்காலியைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். "இது சாமிக்கு. மனுஷன் உட்காரக் கூடாது."

"அப்ப ரெண்டாவது?"

"அதுவும் சாமிக்குத்தான்."

"மூணாவதுல உட்காருங்க."

"சாமிக்குக் குடும்பம் இருக்குல்லா?"

மண்டபக்காரர் சிரித்துவிட்டார். "என் மண்டபத்துக்கு மனுஷங்கதான் வருவாங்க, அண்ணாச்சி. அவங்க உட்கார்ற மாதிரி வார்த்துக் குடுங்க."

அன்றே புதுப் பிளாஸ்டிக் மூட்டைகள் வந்து இறங்கின, பழையது பூந்தொட்டியாயிற்று. சாமிக்கு விட்ட மூன்றும் இன்னும் பூஜைப் படத்தடியில் இருக்கின்றன. யாரும் உட்காராததால் ஒன்றும் உடையவில்லை. ஆகவே, அண்ணாச்சி சொன்ன சொல்படியே, சந்தனமாரிக்கு வேலையும் போகவில்லை.