வடக்கே போன வண்டி

ஒரு ஊர்ல ஒரு சம்பந்தியம்மா இருந்தாங்க. பக்கத்து ஊர்ல இன்னொரு சம்பந்தியம்மா இருந்தாங்க. சம்பந்தின்னா தெரியும்ல? இவங்க பொண்ண அவங்க பையனுக்குக் கட்டிக் குடுத்தா ரெண்டு வீட்டு அம்மாவும் சம்பந்தி. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

பொண்ணோட அம்மா பேரு பொன்னுத்தாய். சங்கரன்கோவில்காரங்க. பையனோட அம்மா பேரு சண்முகவடிவு. கோவில்பட்டிக்காரங்க. பையன் வேலவனும் பொண்ணு தேன்மொழியும் கல்யாணம் முடிஞ்ச கையோட லக்சம்பர்க்னு ஒரு நாட்டுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அது ஐரோப்பாவுல இருக்குற குட்டியூண்டு நாடு. எவ்வளவு குட்டின்னா, காலையில இட்லி சாப்பிட்டுட்டு இந்தக் கோடியில ரயில் ஏறினா மறுபடி பசிக்கிறதுக்குள்ள அந்தக் கோடி வந்துரும். இன்னொண்ணு கேளு, அந்த ஊரு ரயில்ல டிக்கெட்டே வாங்க வேண்டாம். பேசாம ஏற வேண்டியது, பேசாம இறங்க வேண்டியது.

அப்புறம் என்னாச்சுன்னா, அவங்க அங்க வீடு வாங்கினாங்க. பால் காய்ச்சணும், ரெண்டு அம்மாவும் வாங்கன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல போய் இறங்கிட்டாங்க.

இதுல பொன்னுத்தாய்க்குத்தான் உள்ளுக்குள்ள ஒரு பயம். கல்யாணத்தன்னைக்குப் பந்தியில ரசம் ஆறிப்போச்சுன்னு சண்முகவடிவு நாலு பேருகிட்டச் சொன்னது இவங்க காதுக்கு வந்திருச்சு. அதுலேர்ந்து அந்தம்மா பக்கத்துல வந்தாலே இவங்க எதையும் ரெண்டு தடவை பாத்துத்தான் செய்வாங்க. வெங்காயம் நறுக்கினாலும், பெருசா நறுக்கிட்டோமோ, நம்ம பொண்ணத்தான் ஏதாவது சொல்வாங்களோன்னு நெனைப்பு. நாம ஒண்ணு தப்பாச் செஞ்சா அது பொண்ணு தலையில விடியும்னு ஒரு பயம். ம்... கேக்குறியா?

ஒருநாள் வேலவனும் தேன்மொழியும் வேலைக்குக் கிளம்புறப்போ, வீட்டுக்குள்ளயே எத்தனை நாள் இருப்பீங்க, ரயில்ல போய் ஊர் சுத்திப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு தேன்மொழி எல்லாம் சொல்லிக் குடுத்தா. செருப்பு மாட்டுறப்போ அம்மா காதுல மட்டும் மெதுவாச் சொன்னா: "அம்மா, அத்தைய பத்திரமாப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். பொன்னுத்தாய்க்கு அப்போ ஆரம்பிச்ச திக்கு திக்கு நிக்கவே இல்ல.

மொதல்ல ஒரு பெரிய பாலம். பாலத்துக்குக் கீழ ஆறுன்னு நெனைச்சு எட்டிப் பாத்தா, அடியில ஒரு ஊரே இருக்கு. குட்டி குட்டி வீடு, தோட்டம், மரம். சண்முகவடிவு கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு நின்னு ரசிக்கிறாங்க. காத்து வுய்ய்னு அடிக்குது. பொன்னுத்தாய் அந்த ஊரப் பாக்கவே இல்ல, அந்தம்மா சேலை முந்தானையத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் ஒரு கண்ணாடி லிஃப்ட். மலை மேல இருந்து பள்ளத்துக்கு இறக்கி விடும். ஷ்ஷ்ஷ்னு இறங்குது, நாலு பக்கமும் வெறும் கண்ணாடி. பொன்னுத்தாய் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, "மதினி, கம்பியப் பிடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. சண்முகவடிவு பிடிச்சிருக்கேன்னாங்க. பிடிக்கவே இல்ல, ரெண்டு கையாலயும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் ரயில் ஏறினாங்க. தடக் தடக், தடக் தடக். வடக்கப் பாத்துப் போகுது. பச்சைப் பசேல்னு மலை, கொழுத்த மாடுங்க, மலையக் குடைஞ்சு சுரங்கம். சுரங்கத்துக்குள்ள போறப்போ குபுக்னு இருட்டு, வெளிய வந்தா பளிச்னு வெளிச்சம். ஒவ்வொரு தடவை இருட்டு வர்றப்பவும் பொன்னுத்தாய் கைய நீட்டி மதினி எதுக்க இருக்காங்களான்னு தொட்டுப் பாத்துக்கிடுவாங்க.

கிளெர்வோன்னு ஒரு ஊர் வந்துச்சு. அங்க மேட்டு மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு கோட்டை. ஏறிப் பாத்தாங்க, சுத்தினாங்க, கொண்டு போன புளிசாதத்த ஒரு பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டாங்க. இறங்குறப்போ சண்முகவடிவுக்கு முட்டி வலி வந்திருச்சு. அதனால அவங்க கைப்பையையும் பொன்னுத்தாய் வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டாங்க. அந்தப் பைக்குள்ளதான் போன், மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம்.

ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்துப் பெஞ்சுல உக்காந்தாங்க. அப்போ பாத்து ஒரு வண்டி வந்து நிக்குது. பொன்னுத்தாய்க்கு, அய்யோ இத விட்டா மதினி கால் வலியோட நிக்கணுமேன்னு அவசரம். "இதுதான் மதினி, நீங்க ஏறி உக்காருங்க, பெஞ்சுல தண்ணி பாட்டில விட்டுட்டேன், எடுத்துட்டு வாரேன்"னு சொன்னாங்க. சண்முகவடிவு ஏறினாங்க. பொன்னுத்தாய் பாட்டில எடுத்துட்டுத் திரும்புறாங்க, டீங் டீங் டீங்னு சத்தம், டப்புனு கதவு மூடிருச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சண்முகவடிவு. இந்தப் பக்கம் பொன்னுத்தாய். அவங்க ஏதோ சொல்றாங்க, வாய் அசையுது, சத்தம் கேக்கல. வண்டி நகருது. நகந்து, வீட்டுக்குப் போற பக்கம் போகல. வடக்கே போகுது.

ம்... பயப்படாத. பெரியம்மா கையப் பிடிச்சுக்கோ.

பொன்னுத்தாய் வண்டி பின்னாலயே பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஓடினாங்க. அங்க சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா நின்னுச்சு. அதுகிட்டத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கையக் காமிச்சுக் கேட்டாங்க, அந்த வண்டி எங்க போகுதுன்னு. அந்த அம்மா ஒரு விரல நீட்டி, இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் இந்த நாடுன்னுச்சு. ரெண்டாவது விரல நீட்டி, அதுக்கப்புறம் பெல்ஜியம்னுச்சு.

பெல்ஜியம்னா வேற நாடு. போன் இல்லாம, பாஸ்போர்ட் இல்லாம, பாஷை தெரியாம, முட்டி வலியோட அந்தம்மா வேற நாட்டுக்குப் போகுது. போலீஸ் பிடிச்சா என்ன சொல்லும்? ஏத்தி விட்டது யாரு? நாமதான்.

போன எடுத்துத் தேன்மொழி பேரத் தொடப் போனாங்க. தொடல. பொண்ணுகிட்டச் சொன்னா, அவ போய்ப் புருஷன்கிட்டச் சொல்லணும். எங்க அம்மா உங்க அம்மாவத் தொலைச்சிட்டாங்கன்னு அவ வாயால சொல்லணும். அத அவ ஏன் சொல்லணும்? தப்புப் பண்ணினது நாமன்னு, மருமகனுக்கே போன் போட்டாங்க. அதுவரைக்கும் அவருகிட்டச் சாப்பிட்டீங்களான்னு கேட்டதத் தவிர ஒரு வார்த்தை பேசினது இல்ல.

"மாப்ளே, அம்மாவ வேற வண்டியில ஏத்தி விட்டுட்டேன். நாந்தான் ஏறச் சொன்னேன். அவங்க கையில ஒண்ணுமே இல்ல."

பொன்னுத்தாய் கண்ண மூடிக்கிட்டாங்க. அப்புறம் வேலவன் கேட்டான்: "அத்தை, நீங்க உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?"

நிக்கிறேன்னாங்க. மொதல்ல உக்காருங்க, அங்கேயே இருங்க, அம்மா திரும்பினா அந்த ஸ்டேஷன் வழியாத்தான் வந்தாகணும், நான் இப்பவே கிளம்புறேன்னு சொல்லிட்டு வச்சான்.

அங்கேயே இருங்கன்னு சொல்லிட்டான். சும்மா இருக்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பின்னாலயே போயிரலாம்னு கால் பரபரங்குது. போய், அதுக்குள்ள அவங்க இங்க வந்துட்டா? பொன்னுத்தாய் ரெண்டு பையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. மழை வேற சொட சொடன்னு பிடிச்சிருச்சு.

அப்போ வடக்க இருந்து ஒரு வண்டி வந்துச்சு. கதவு திறந்துச்சு. ஸ்கூல் பசங்க இறங்கினாங்க. சண்முகவடிவு இல்ல.

அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு ரெண்டாவது வண்டி. பொன்னுத்தாய் மழையில நனைஞ்சுக்கிட்டே ஒவ்வொரு பெட்டியா ஜன்னல்ல பாத்துக்கிட்டு ஓடினாங்க. ஒரு தாத்தா நாயோட இறங்கினாரு. வேற யாரும் இல்ல. கதவு மூடிருச்சு. மதினி பைக்குள்ள இருந்த மாத்திரை டப்பா கலகலன்னு ஆடுற சத்தம் கேட்டதும் அவங்களுக்கு அழுகை வந்திருச்சு. அதுவரைக்கும் அழல.

சைக்கிள் அம்மா வீட்டுக்குப் போகாம அங்கேயே நின்னுச்சு. பையில இருந்து ஒரு ஆப்பிள எடுத்து இவங்க பக்கத்துல வச்சிட்டு, தானும் உக்காந்துக்கிச்சு.

ம்? ம்... தூங்கிறாத, இன்னும் வரல.

அப்புறம் மூணாவது வண்டி. தடக் தடக்னு வருது. பொன்னுத்தாய் இந்தத் தடவை எந்திரிக்கல, உக்காந்த எடத்துலேர்ந்தே பாத்தாங்க. கதவு திறந்துச்சு. கடைசிப் பெட்டியில மொதல்ல ஒரு கை தெரிஞ்சுது, கம்பியப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் ஒரு மாம்பழக் கலர் சேலை. முட்டிய மெதுவா ஊணி ஊணி சண்முகவடிவு இறங்கினாங்க.

பொன்னுத்தாய் ஓடிப் போய் அவங்க கையப் பிடிச்சாங்க. பிடிச்ச கைய விடவே இல்ல.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னாங்க. அவன் பாதி வழியில எட்டல்புரூக்ங்கிற ஸ்டேஷன்ல வண்டி மாறக் காத்துக்கிட்டு இருந்தான். நீங்க அடுத்த வண்டியில வாங்க, நான் இங்க ஏறிக்கிடுறேன்னான். சைக்கிள் அம்மாவே அவங்கள ஏத்தி விட்டு, கதவு மூடுற வரைக்கும் நின்னுச்சு.

வண்டியில உக்காந்ததும் சண்முகவடிவு நடந்ததச் சொன்னாங்க. பின்னால ஓடி வந்த பொன்னுத்தாய் எப்படியும் கடைசிப் பெட்டியில ஏறியிருப்பாங்கன்னு நெனைச்சு, பெட்டி பெட்டியாத் தேடிக்கிட்டே போயிருக்காங்க. அதுல இந்த நாட்டோட கடைசி ஸ்டேஷனும் போயிருச்சு. பெல்ஜியத்துல இறங்கி, ஒரு ஆபீசர் மாதிரி இருந்தவருகிட்டக் கையால கோட்டை வரைஞ்சு காமிச்சாங்களாம். அவருக்குப் புரியல. இன்னொருத்தருக்கும் புரியல. ஒரு சின்னப் பொண்ணுதான் புரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வர்ற வண்டியக் காமிச்சுக் குடுத்துச்சாம்.

பொன்னுத்தாய் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "மன்னிச்சிருங்க மதினி, நாந்தான் பாக்காம ஏறச் சொன்னேன்"னாங்க.

சண்முகவடிவு ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "எனக்கு அதெல்லாம் தோணல மதினி. உங்க பொண்ணு என்ன நெனைப்பான்னுதான் பயந்தேன். வயசான காலத்துல அத்தைய இங்க கூட்டிட்டு வந்ததே தொந்தரவுன்னு நெனைச்சிட்டா, அப்புறம் என்னையக் கூப்பிடவே மாட்டால்ல?"

பொன்னுத்தாய் நிமிந்து பாத்தாங்க. இந்தம்மாவுக்கும் பயமான்னு பாத்தாங்க. அதுவும் என் பொண்ணுகிட்டயான்னு பாத்தாங்க.

எட்டல்புரூக் வந்துச்சு. வேலவன் மழையில நனைஞ்சு போய் ஏறினான். அவன் வாயத் திறக்குறதுக்குள்ள சண்முகவடிவு சொன்னாங்க: "நானாத்தாண்டா ஏறினேன். மதினி வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஏறிட்டேன். உன் பொண்டாட்டிகிட்டயும் அப்படியே சொல்லு."

பொன்னுத்தாய் வாயத் திறந்தாங்க. சண்முகவடிவு சேலை மறைவுல அவங்க கைய அழுத்தினாங்க.

வேலவனுக்குத்தான் உள்ளதெல்லாம் தெரியுமே. போன்ல அத்தை சொல்லிட்டாங்களே. அவன் அம்மாவப் பாத்தான், அத்தையப் பாத்தான். சரிம்மான்னு மட்டும் சொல்லிட்டு, எதுத்த சீட்டுல உக்காந்து தலையத் துவட்டிக்கிட்டான்.

அப்புறம் வண்டி போகுது. தடக் தடக், தடக் தடக். மழைத் தண்ணி கண்ணாடியில கோடு கோடா ஓடுது. சண்முகவடிவு அப்படியே பொன்னுத்தாய் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. வேலவனும் தூங்கிட்டான். பொன்னுத்தாய் மட்டும் தூங்கல. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பேர எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு, தோள அசைக்காம, நம்ம ஊர் வந்திருச்சா, வந்திருச்சான்னு பாத்துக்கிட்டே வந்தாங்க.

ம்? ம் இல்லையா?

சரி. கதை வீடு வந்து சேந்துருச்சு. நான் முழிச்சுத்தான் இருக்கேன், நீ தூங்கு.