கடைசிக் கொடியும் தொறக்காத கோப்பையும்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா என் டீ பாய்லர்ல ஈ விழட்டும். ஏற்கெனவே விழுந்ததெல்லாம் கணக்குல வராது.

*

"டீச்சர், இன்னும் எத்தன வருசத்துக்கு நான் கோப்பையே பாத்துக்கிட்டு இருக்குறது?"

கேட்டவரு அருமைநாயகம் சார்.

டீச்சர் கொட்டாவி விட்டாங்க.

*

டீச்சர் முழுப் பேரு அமலோற்பவம். ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். வயசு நாப்பதத் தாண்டியிருக்கும். சாருக்கு அறுபது முடிஞ்சிருச்சு. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான், சார் சிஷ்யப்புள்ளதான். அதுல யாருக்கும் தகராறு இல்ல.

கொடைக்கானலுக்கு மேல ஒரு பைன் காடு. வருசா வருசம் அங்க மேப்பு ஓட்டம் நடக்கும். ஓரியன்டீரிங்காம். அந்தப் பேர நான் சொல்லிப் பாத்தேன், பல்லு வலிச்சிச்சு, விட்டுட்டேன்.

கையில ஒரு மேப்பு, ஒரு காம்பசு, ஒரு சீட்டு அட்டை. மேப்புல செவப்பு வட்டம் போட்டிருக்கும். வட்டம் இருக்குற எடத்துல காட்டுக்குள்ள ஆரஞ்சும் வெள்ளையுமா ஒரு துணிக்கொடி தொங்கும். வரிசையாத் தேடிப் போவணும். கொடிக்குப் பக்கத்துலயே கட்டியிருக்குற ஊசியில அட்டையக் குத்திக்கிட்டுத் திரும்பி ஓடியாரணும். வெரசா வந்தவங்களுக்குக் கோப்பை.

வட்டம் போடுறது டீச்சர். கொண்டையில ஒரு செவப்புப் பேனா சொருகியிருக்கும். அந்தப் பேனா வேற யாரு கைக்கும் போனதில்ல.

கோப்பை கையால செஞ்சதாத்தான் இருக்கணும். அது டீச்சர் வச்ச சட்டம். சுத்துப்பட்டுல கைத்தொழில் தெரிஞ்சவங்க செஞ்சு அனுப்புவாங்க. அதுல எது நல்லதுன்னு பாத்து எடுக்குற வேலை சாருக்கு.

எனக்கு ஜீப்பு ஓட்டுறதும் டீ ஊத்துறதும். பேரு மொக்கச்சாமி. சிரிக்காதீங்க, குலசாமி பேரு.

*

சாருக்கு ஒரு கொணம். பேங்குல லாக்கர் ரூமப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன். ஒரு பொருள ஒளிச்சு வச்சாத்தான் அதுக்கு மதிப்புன்னு நெனப்பாரு.

போன வருசம் அவரு எடுத்த கோப்பைய தலகீழாத் திருகுனா உள்ள மயில் தெரியும்.

அதுக்கு முந்தின வருசத்துக் கோப்பையில அடியில ஒரு ரகசிய அறை. அத ஜெயிச்சவரு இன்னும் அறையத் தேடிக்கிட்டு இருக்காரு.

*

"டீச்சர், நான் கேட்டேனே."

"கேட்டுச்சு சார்."

"எனக்கு ஒரு காடு குடுங்க. நான் வட்டம் போடுறேன்."

"கோப்பை பாக்கத் தெரியட்டும் சார்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

டீச்சர் என்னையப் பாத்தாங்க. நான் டீயப் பாத்தேன்.

"இந்த வருசமும் இல்லன்னா நான் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருவேன் டீச்சர். பையெல்லாம் கட்டி வச்சாச்சு. எனக்கும் அலுத்துப் போச்சு."

பொய்யில்ல. பை என் ஜீப்புலதான் கெடந்துச்சு. தூக்கிப் பாத்தேன், நல்ல கனம். திரும்பி வர்ற நெனப்புல கட்டுன பை இல்ல.

டீச்சர் மேப்ப மேசையில விரிச்சாங்க.

"சரி. ஒரு கொடி உங்களுது. கடைசிக் கொடி. நீங்களே எடம் பாத்து வைங்க."

சாருக்கு மொகத்துல லைட்டு போட்ட மாதிரி ஆயிருச்சு.

*

அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு நடந்துச்சு. பழகிப் பாக்கட்டும்னு சார்கிட்ட ஒரு கொடியக் குடுத்தாங்க. அவரு அத உன்னிப் பொதருக்குள்ள முள்ளோட முள்ளாச் சொருகி வச்சிட்டு வந்தாரு.

டீச்சர் போயி, பொதருக்குள்ள கைய விட்டாங்க. கையெல்லாம் கீறல். கொடிய இழுத்து வெளிய எடுத்தாங்க. பொதருக்கு மேல இருந்த கொப்புல தொங்க விட்டாங்க. எறங்கி வந்துட்டாங்க.

"டீச்சருக்கு நான் வச்ச சூட்சுமம் புரியல மொக்கச்சாமி"ன்னு சார் எங்கிட்டச் சொன்னாரு.

"ஆமா சார், ரத்தம்தான் வந்துச்சு"ன்னேன்.

*

பந்தயத்துக்கு மொத நாளு மூணு கோப்பை மேசைக்கு வந்துச்சு.

ஒண்ணு வெண்கலம். தட்டுனா கோயில் மணி மாதிரி சத்தம். சார் தட்டிப் பாத்தாரு, காதுல வச்சுப் பாத்தாரு, ஓரமா வச்சிட்டாரு.

இன்னொண்ணு மண்ணு. வாயகலமா, ரெண்டு பக்கமும் காது வச்சு, வெளிய ஆரஞ்சும் வெள்ளையுமா பட்டை அடிச்சிருந்துச்சு.

"என்ன இருக்கு இதுல?"ன்னு சார் எட்டிப் பாத்தாரு.

"ஒண்ணும் இல்ல சார். காலி."

"அதான் கேக்குறேன்."

மூணாவது, கோப்பைன்னு பேருதான், திண்டுக்கல்லுல பூட்டு செய்யிற ஒருத்தரு செஞ்ச தேக்குப் பெட்டி. சுத்தியும் எலையாச் செதுக்கியிருந்தாரு. அதுல ஒரே ஒரு எலை பொய் எலை. அத அமுக்கி, பக்கத்து எலையத் தள்ளுனா மூடி தொறக்கும். உள்ள ஒரு பித்தளைக் காம்பசு.

சாரு அந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு. தொறந்தாரு, மூடுனாரு. தொறந்தாரு, மூடுனாரு. எனக்கே கண்ணு சொருகிருச்சு.

"டீச்சர், இதான்."

"எதுக்கு சார் இது?"

"எங்க தொறக்கும்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

டீச்சர் கொட்டாவி விட்டாங்க.

"சரி. நாளைக்கு உங்க கையாலயே குடுங்க."

அப்புறம் கேட்டாங்க: "கொடி வச்சாச்சா?"

"வச்சாச்சு டீச்சர். பாறைக்குப் பின்னாடி ஒரு பொந்து."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தேடுனாத் தெரியும்."

டீச்சர் மேப்ப மடிச்சாங்க. மடிக்கிறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு அவங்களுக்கு.

*

மறுநாளு எல்லாரும் காலையில காட்டுக்குள்ள எறங்குனாங்க. உச்சிப் பொழுதுக்குள்ள மொத ஆளு வந்துரணும். வரல.

டீ ரெண்டு தரம் ஆறிச்சு. கையத் தட்டலாம்னு நின்ன கூட்டம் உக்காந்துச்சு. உக்காந்த கூட்டம் படுத்துச்சு. மலையில மஞ்சு எறங்க ஆரம்பிச்சிச்சு.

டீச்சர் பாதையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சாரும் பாத்தாரு. அவரு மொகத்துல மட்டும் ஒரு சிரிப்பு.

ஒரு வழியா முத்துராக்கு வந்துச்சு. நெலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுல வேலை பாக்குற புள்ள. வருசா வருசம் ஓடியாரும். இந்தத் தடவை நடந்து வந்துச்சு. முழங்கை பூரா செராய்ப்பு, முடியில பைன் ஊசி.

சார் எந்திரிச்சுப் போனாரு.

"ஏம்மா, கடைசிக் கொடியக் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்யா."

"எப்படிக் கண்டுபிடிச்ச?" ஆசையாக் கேக்குறாரு.

"வழுக்கி விழுந்தேன். விழுந்த எடத்துல கையில தட்டுப்பட்டுச்சு."

சாருக்கு அந்தப் பதில் புடிக்கல. இருந்தாலும் கோப்பைய நீட்டுனாரு.

*

முத்துராக்கு பெட்டிய வாங்குச்சு. ஆட்டிப் பாத்துச்சு. உள்ள லொடக்குனு சத்தம்.

"உள்ள என்னமோ இருக்கு."

"இருக்கும்மா. தொறந்து பாரு."

மூடிய இழுத்துச்சு. வரல. நகத்த விட்டு நெம்புச்சு. நகந்தான் ஒடிஞ்சிச்சு.

"அப்படி இல்லம்மா. ஒரு எலை இருக்கும் பாரு, அத அமுக்கணும்."

"எல்லாம் எலையாத்தானய்யா இருக்கு."

"பொறுமையாத் தேடு. கெடைக்கும்."

முத்துராக்கு நிமிந்து அவரப் பாத்துச்சு.

"இங்கயும் தேடணுமாய்யா?"

கோவமாக் கேக்கல. கோவப்படக்கூட தெம்பு வேணும்ல.

கையத் தட்ட எந்திரிச்ச கூட்டம் கையக் கீழ போட்டுச்சு.

*

அந்தப் புள்ள பெட்டிய மேசை மேல திருப்பி வச்சிச்சு. மண் கோப்பைய எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்துச்சு.

"அண்ணே, இதுல டீ ஊத்து."

ஊத்துனேன். ரெண்டு காதையும் ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக் குடிச்சிச்சு. கழுவி பையில போட்டுக்கிச்சு. உனக்குப் பரிசு அது இல்லம்மான்னு சொல்ல யாருக்கும் வாய் வரல.

சாரு நின்ன எடத்துலயே நின்னாரு. தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

டீச்சர் என்னையக் கேட்டாங்க. "மொக்கச்சாமி, இன்னும் எத்தன பேரு வரல?"

"பாதிப் பேரு வரல டீச்சர்."

"எங்க இருக்காங்க?"

"கடைசிக் கொடிப் பக்கந்தான் சத்தம் கேக்குது. ஒருத்தரு கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டு இருக்காரு."

"யாரை?"

"கொடிய."

*

சார் காட்டப் பாத்தாரு. மஞ்சு மரத்துக்குக் கீழ வரைக்கும் வந்திருச்சு.

பரிசு மேசையில ஒரு ஆரஞ்சுத் துணி விரிச்சிருந்தோம். சாரு அதப் புடிச்சு ஒரே உருவு உருவுனாரு. வெண்கலம் உருண்டு மணியடிச்சிச்சு. பெட்டி கீழ விழுந்துச்சு.

விழுந்த வேகத்துல தொறந்துக்கிச்சு. காம்பசு உருண்டு ஓடி அவரு காலடியில நின்னுச்சு.

அவரு பாக்கல. தாண்டிப் போனாரு.

"சார்." டீச்சர் கூப்பிட்டாங்க. "பந்தயம் இன்னும் முடியல. கொடியத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன் டீச்சர்."

போயிட்டாரு. செருப்போட. அந்தக் காட்டுக்குச் செருப்போட நான் போவ மாட்டேன்.

*

அப்புறம் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. டீய மட்டும் கேட்டாங்க.

பொழுது சாயிற நேரத்துக்குக் கடைசி ஆளு வந்தாரு. சிங்கராயர். பஸ் கண்டக்டர். சக்கரை கொறையணும்னு ஓட வந்த மனுசன். கொடியத் திட்டுனது அவருதான்.

"என்னண்ணே, கெடைச்சிச்சா?"ன்னேன்.

"அத ஏன் கேக்குற. மஞ்சுக்குள்ள சுத்திச் சுத்தி வர்றேன், பாறை மேல ஒருத்தரு ஆரஞ்சுத் துணியப் போத்திக்கிட்டு அசையாம நிக்கிறாரு. சாமியாருன்னு நெனச்சு கும்புட்டேன்."

"அப்புறம்?"

"'கும்புடாத. கீழ பொந்து இருக்கு, அட்டையக் குத்து'ன்னாரு."

அவருக்குப் பின்னாடியே சார் வந்தாரு. துணி பூரா நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒரு செருப்பு இல்ல. வந்து பெஞ்சுல உக்காந்தாரு. உக்காரல, விழுந்தாருன்னு சொல்லணும்.

நான் டீய நீட்டுனேன். வாங்கல. நானே வாய்கிட்டப் புடிச்சேன்.

*

டீச்சர் அவரு எதுக்க வந்து நின்னாங்க.

"கொடிய எடுத்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"மாத்தி வச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன பண்ணுனீங்க?"

"நின்னேன்."

டீச்சர் கொண்டையில கைய விட்டாங்க. செவப்புப் பேனாவ உருவி அவரு முன்னாடி வச்சாங்க.

சார் பேனாவப் பாத்தாரு. தொடல.

"வேணாம் டீச்சர். எனக்குக் காலு வலிக்குது."

"அப்ப நீங்க வட்டம் போடலாம் சார்."

*

அம்புட்டுத்தான். சாரோட பைய நானே ஜீப்புல இருந்து எறக்கி அவரு வீட்டுல வச்சிட்டு வந்தேன். எறக்கு கூலி இன்னும் வரல, அது வேற கதை.

அந்தத் தேக்குப் பெட்டிய யாரும் கேக்கல. கல்லாப்பெட்டியா இருக்கட்டும்னு நாந்தான் எடுத்துக்கிட்டு வந்தேன். ஒரு நாள் யாவாரத்த உள்ள போட்டேன். டப்புனு மூடிக்கிச்சு. விழுந்ததுல எலை இறுகிப் போச்சோ என்னமோ, இன்னைக்கு வரைக்கும் தொறக்கல.

அதனால ஓசியில கதை கேட்ட மகராசன்களா, காச அந்தப் பெட்டிப் பக்கம் கொண்டு போவாதீங்க. இந்தா, இந்த மேசை மேல, கண்ணுக்கு நல்லாத் தெரியுற மாதிரி வைங்க. என்னையத் தேட வச்சிராதீங்க.