விழாத ஏழு கம்பங்கள்

காத்தவராயனுக்கு முதலில் துரோகம் செய்தவர் ஊர்த்தலைவர் மாசிலாமணி. இரண்டாவது, கை நடுங்காமல் கடப்பாரை பிடித்த குப்பாண்டி. மூன்றாவது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன புயல். இந்த வரிசையை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரியாது. அதனால்தான் மறக்கவும் இல்லை.

கோணல்திட்டு என்கிற அந்தக் கடலோரக் குப்பத்தில் நாற்பது வீடுகள், ஏழு கரண்டுக் கம்பங்கள். ஓட்டு வீடு காத்தவராயனுடையது மட்டும்தான். அறுபத்தெட்டு வயது வரைக்கும் ஓலை விசிறியில் காலம் தள்ளியவர், அந்த ஐப்பசியில்தான் ஃபேன் வாங்கி மாட்டினார். பின்சுவரில் சுவிட்சு. பெண்டாட்டி செல்லாயியைக்கூட அதைத் தொட விடமாட்டார். அந்தச் சுகம் ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் மின்சார ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினீயர் ஜீப்பில் வந்தார்.

"புயல் வருது. எந்த ஊரில் ஒரு கம்பம்கூட விழலையோ, அந்த ஊருக்குத்தான் மின்பாதையைப் பலப்படுத்த அரசாங்கம் நிதி தரும். புதுக் கம்பி, புது டிரான்ஸ்பார்மர், எல்லாம் உண்டு. ஒன்று விழுந்தாலும் கிடையாது."

"விழுந்த ஊருக்குத்தானே ஐயா பலம் வேணும்?" என்று செல்லாயி கேட்டாள்.

"அது சுற்றறிக்கையில் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு இன்ஜினீயர் ஜீப்பில் ஏறினார்.

புத்தியோடு கேட்கப்பட்ட கேள்வி அன்றைக்கு அது ஒன்றுதான். பிறகு ஆண்கள் கூட்டம் போட்டார்கள்.

"கம்பம் எதனால விழுது?" என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

"காத்தால."

"எவ்வளவு காத்தடிச்சாலும் விழாதது எது?"

குப்பாண்டி வெகுநேரம் யோசித்தான். "ஏற்கெனவே கீழே கிடக்கிறது."

கூட்டம் அசந்து போயிற்று.

"அதானே!" என்றார் மாசிலாமணி. "புயல்னா பாய்மரத்தை நிக்க வச்சா வேடிக்கை பாக்கிறோம்? இறக்கிப் படுக்க வச்சுப் படகோட கரையேத்துறோம். கரண்டு மரம் மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

அன்று சாயங்காலம் புயலுக்கு முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஊரே இறங்கி வேலை செய்தது. கம்பியைக் கழற்றி வலை மாதிரி மடித்து, எலி கடிக்காமலிருக்க வேப்பிலை போட்டு மூடினார்கள். ஏழு கம்பங்களையும் பிடுங்கி, படகு இழுக்கிற பாட்டையே பாடி, காத்தவராயன் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தார்கள். ஓட்டு வீட்டுக்குள் வைத்தால் மழை படாதாம்.

வீடு பதினெட்டு அடி. கம்பம் இருபத்தாறு அடி.

"பின்சுவரு இடிக்குது. அறுத்துடலாமா?" என்றான் குப்பாண்டி.

"கம்பத்தையா? அது அரசாங்கச் சொத்துடா!" என்று பதறினார் மாசிலாமணி. "சுவருதான் நம்ம ஊருச் சொத்து."

"என் சுவரு என்னைக்குடா ஊருச் சொத்தாச்சு?" என்று காத்தவராயன் குறுக்கே நின்றார்.

"நிதி வந்ததும் முதல் வேலை உங்க சுவருதான், பெரியப்பா. இது என் வாக்கு."

கடப்பாரை பேசியது. சுவர் போயிற்று. சுவிட்சு ஒயரில் தொங்கியது. கம்பங்கள் வாசல் வழியாக நுழைந்து, பின்பக்கம் எட்டடி வெளியே நீட்டிக்கொண்டன.

"இப்பப் பின்னாடி நனையுமே?"

இதற்கு வழி சொன்னது காத்தவராயன்தான். மணிக்கொரு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினால், எந்த முனையும் ரொம்ப நேரம் நனையாது. விடிய விடியத் தள்ளினார்கள். அந்த யோசனைக்கு இன்றுவரை யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அது நாலாவது துரோகம்.

புயல் நடுக்கடலிலேயே கரைந்து போயிற்று. அக்கம்பக்கத்து ஊர்களில் விடிந்ததும் கரண்டு வந்துவிட்டது. கோணல்திட்டில் மட்டும் இல்லை. அந்த ஊர்க்காரர்களுடைய முன்யோசனைக் குறைவை நினைத்து இவர்கள் இருட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

செல்லாயி கம்பத்தின் மேல் அம்மியை வைத்து அரைத்தாள். காத்தவராயன் சுவர் இடிந்த கல்லையும் மண்ணையும் அள்ளி, வாசலுக்கு எதிரே இருந்த கம்பக்குழியில் கொட்டி மிதித்தார். அதற்குள் அவருடைய ஆடு இரண்டு தடவை அதில் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் இன்ஜினீயர் வந்து, அண்ணாந்து பார்த்தார். ஆகாயம்தான் இருந்தது.

"கம்பமெல்லாம் எங்கய்யா? விழுந்துடுச்சா?"

"ஒண்ணுகூட விழலைங்க" என்று மாசிலாமணி பெருமையாகக் கூட்டிப் போய்க் காட்டினார்.

இன்ஜினீயர் ஒரு கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். அதில் 'விழுந்தவை', 'விழாதவை' என்று இரண்டே கட்டங்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் ஏழு என்று எழுதினார்.

"மத்தியானம் போட்டோ எடுக்கணும். அதுக்குள்ள ஏழும் நிமிர்ந்து நிக்கணும்."

ஆறு கம்பங்கள் நின்றுவிட்டன. ஏழாவதுக்குக் குழியைக் காணோம்.

"பக்கத்து ஊருக்காரன்தான் எடுத்திருப்பான். பொறாமை" என்றார் மாசிலாமணி. இரண்டு பேர் ஓடிப் போய்த் தேடிவிட்டு வந்தார்கள்.

"அங்க ஒரு குழி கிடக்குது தலைவரே. ஆனா பேர்க்க முடியலை. ரொம்ப ஆழம்."

காத்தவராயனுக்குத் தெரியும். ஆனால் வாய் நிறைய வெற்றிலையோடு கம்மென்று இருந்தார். முதலில் சுவரைக் கட்டட்டும், அப்புறம் குழியைச் சொல்லலாம்.

"கம்பம் எங்கே இருக்கோ அங்கேயே தோண்டினா என்ன?" என்றான் குப்பாண்டி.

"கம்பம் பெரியப்பா வீட்டு நடுவுல இருக்கு."

"அப்பத் தூக்கிட்டு அலையற வேலையும் மிச்சம்."

காத்தவராயன் ஓடிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாசல்லதாண்டா குழி இருக்கு! நான்தாண்டா மூடினேன்!" என்று கத்துவதற்குள், கம்பம் ஓட்டைப் பிளந்துகொண்டு ஆகாயத்தில் நின்றது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா பெரியப்பா?" என்று மாசிலாமணி வருத்தப்பட்டார். இன்ஜினீயர் போட்டோ எடுத்தார். எண்ணினால் ஏழு.

தை மாதம் புதுக் கம்பி வந்தது, புது டிரான்ஸ்பார்மர் வந்தது. காத்தவராயன் சுவரைக் கேட்டார்.

"திட்டத்துல கம்பம் இருக்கு, கம்பி இருக்கு. சுவருன்னு எழுதலையே" என்றார் மாசிலாமணி. வேண்டுமானால் சுவிட்சை நடுவீட்டுக் கம்பத்தில் கட்டிக்கொள்ளலாமாம். கட்டினார்கள். ஃபேன் ஒரு பக்கம் சுற்றப் பார்த்தது. சுவரில்லாத பக்கமிருந்து வந்த கடல்காற்று அதை மறுபக்கம் சுற்றப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் அது அசையாமல் நின்றது.

வைகாசியில் மறுபடி புயல் எச்சரிக்கை. மாசிலாமணி ஆட்களோடு வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பெரியப்பா, உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. உங்க கம்பம் ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருக்கறதால, அதைப் பிடுங்க வேண்டாம்னு தீர்மானம்."

"என் சுவரு?"

"கட்டாம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க! மத்த ஆறையும் எப்படி நுழைப்போம்?"

ஆறும் வாசலுக்கு வந்தன. நடுவில் நிற்கிற கம்பம் வழியை மறித்தது. குப்பாண்டி தலையைச் சொறிந்தான். வீட்டின் பக்கவாட்டுச் சுவரைப் போய்த் தட்டிப் பார்த்தான். கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"இந்தச் சுவரு எதுக்குப் பெரியப்பா இன்னும் நின்னுக்கிட்டிருக்கு?" என்றான் அக்கறையாக. "புயல்ல விழுந்துடப் போகுது."