நாற்சந்தியில் இரண்டு பாட்டு

ரப்பர் செருப்பு என்று ஒரு பாட்டுக் குழு. சிரிக்காதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரோடு மேடை ஏறினால் எது பறந்து வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒக்கினாவா தீவில் எல்லார் காலிலும் அதுதான். கடைக்கும் அதுதான், கடற்கரைக்கும் அதுதான். எல்லாரும் வைத்திருக்கிற ஒன்றின் பெயர் இருக்கட்டும் என்று நாலு பேரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்.

பாடுகிறவன் மொரியாகி. நாற்பதைத் தாண்டியவன். முன்பு பஸ் ஓட்டினான். டிரம்ஸ் அடிக்கிற கெய்ட்டா மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவன். மற்ற இருவரும் புருஷன் பெண்டாட்டி, டயர் கடை வைத்திருந்தார்கள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. டயர் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு அதற்குள்ளேயே பாட்டைப் பதிவு செய்வார்கள். ஒரு பாட்டில் நடுவே நாய் குரைக்கும். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, நன்றாகத்தானே குரைக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

நாலைந்து வருஷம் கல்யாணக் கச்சேரிதான். அங்கேயும் கல்யாணம் என்றால் ஊரே வந்து உட்காரும். பாதிப் பேருக்குப் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று தெரியாது. சாப்பாட்டு இரைச்சலுக்கு நடுவில் பாடிப் பாடித் தேறினார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆடு சாலையைக் கடக்கும்வரை காத்திருக்கிற டிரைவரைப் பற்றி மொரியாகி ஒரு பாட்டுக் கட்டினான். அது பிய்த்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் போட்டார்கள். மீன் சந்தையில் பாடினார்கள். போனில் ஏறி, கடல் தாண்டி, டோக்கியோ ரேடியோவில்கூட ஒருநாள் வந்தது. ரேடியோவில் நாயும் சேர்ந்தே குரைத்தது.

அப்போதுதான் தீவின் பெரிய இசை விழாவிலிருந்து அழைப்பு வந்தது. டயர் கடையில் அன்றைக்கு வியாபாரமே நடக்கவில்லை. கெய்ட்டா காலி டயர்களை அடுக்கி வைத்து அடித்த அடியில் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் மொரியாகிக்கு முகம் செத்துப்போனது.

ஒரே மைதானம். இந்த முனையில் ஒரு மேடை, அந்த முனையில் ஒரு மேடை. ரப்பர் செருப்பு இங்கே பாடுகிற அதே நேரத்தில் அங்கே பாடப்போவது 'கண்ணாடி மழை'. டோக்கியோக் குழு. நாடு முழுக்கப் பெயர். அவர்களுடைய ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் டயர் கடை உயரம் இருக்கும் என்று கெய்ட்டா பெருமையாக வேறு சொன்னான்.

மொரியாகி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஜனம் எல்லாம் அங்கே போய்விடும். போகாத பத்துப் பேர் காதிலும் அவர்கள் சத்தம்தான் விழும். பஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவன் அவன். ஊர் பார்க்கத் தோற்றால் அதோடு குழு கலைந்துவிடும், தான் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நிச்சயமாக நம்பினான். வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றான். மற்ற மூன்று பேரும் முறைத்தார்கள். சரி, குருவைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டான்.

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேடாதீர்கள். கனாமிக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். பஸ் ஓட்டிய காலத்தில் மொரியாகி அங்கே சாப்பிட வருவான். கடை அடங்கிய பிறகு அவள் சான்ஷின் வாசிப்பாள். பாம்புத் தோல் போர்த்திய மூன்று தந்தி வாத்தியம் அது. ஒருநாள் கேட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல், எனக்குக் கற்றுக் கொடுப்பீர்களா என்று கேட்டான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு சென்செய், அதாவது குரு. அவன் அவளுக்கு அண்ணன். மூத்தவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவதில் அந்த ஊரும் நம்மைப்போலத்தான்.

கனாமி அடுப்படியில் பாகற்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில் கேட்டான்.

"சென்செய், அந்த மேடைச் சத்தம் எங்க மேல விழாம எப்படித் தடுக்கிறது?"

அவள் கரண்டியைத் தட்டி வைத்தாள்.

"ஒபோன் கடைசி நாள் சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க? சான்ஷினை எடுத்துக்கிட்டு வாங்கண்ணே. எங்க பேட்டை லாரியில உக்காந்து பாட ஆள் குறையுது."

அவன் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. குருமார்களுக்கே உள்ள வியாதி அது. மொரியாகி முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனாலும் போனான்.

ஒபோன் என்பது செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிற பண்டிகை. கடைசி நாள் அவர்களை வழியனுப்ப, ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் இளவட்டங்கள் மேளத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஆடி வருவார்கள். பாடகர்கள் சான்ஷினோடு ஒரு குட்டி லாரியில் பின்னாலேயே ஊர்ந்து வருவார்கள். இரண்டு பேட்டைக் கூட்டம் ஒரே நாற்சந்தியில் முட்டிக்கொண்டால்தான் வேடிக்கை. யாரும் வழி விடமாட்டார்கள். இவர்கள் ஒரு பாட்டு, அவர்கள் வேறு பாட்டு, நேருக்கு நேர், முழுத் தொண்டையில். எந்தக் கூட்டம் எதிராளியின் தாளத்தில் சொக்கித் தன் தாளத்தை விடுகிறதோ அது தோற்றது. நடுவர் இல்லை, பரிசும் இல்லை. அந்த மோதலுக்குக் 'காயே' என்று பெயர்.

மொரியாகிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் பஸ்ஸுக்குள்ளிருந்துதான் தெரியும். ஒவ்வொரு வருஷமும் காயேக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தவன் அவன்.

அன்றைக்கு லாரியில் கனாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்சந்திக்கு வந்தபோது எதிரே ஆற்றங்கரைப் பேட்டை வந்துவிட்டது. அவர்களுடைய லாரியில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஹென்சான், முடிதிருத்துகிறவர். தலைமுடி வெட்டுகிறபோது வாயே திறக்காத மனிதர். பாட ஆரம்பித்தால் தெருவிளக்கு அதிரும்.

இரண்டு பக்கமும் பெரிய மேளங்கள் எழுந்தன. மொரியாகி பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான். எதிர்ப்பக்கம் பார்க்கவே கூடாது என்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தான். பிறகு ஹென்சான் ஒரு பாட்டு எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அருமையான பாட்டு. மொரியாகியின் கால் ஆடியது. அடுத்து விரல் ஆடியது. தன் பேட்டைப் பாட்டைத்தான் வாசிக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க, விரல் எதிர்வீட்டுக்குப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

சான்ஷினை நம்பி அடித்த மேளக்காரர்களில் பாதிப் பேர் அவன் பின்னால் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. மொத்தமும் கலைந்து, தகரக் கடையில் பூனை புகுந்த கதையாகி, நின்றுவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டக்காரர்களோடு முகத்தில் வெள்ளை பூசி வந்த கோமாளி லாரியில் தாவி ஏறி, பாவம் மயக்கமாக இருக்கும் என்று மொரியாகிக்கு விசிறிவிட்டான்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. விழாவிலும் இதுதான் நடக்கப்போகிறது, இதை முன்கூட்டியே காட்டத்தான் சென்செய் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

அப்போது எதிர்ப்பக்கமும் ஓய்ந்தது.

ஹென்சான் கையைத் தூக்கியிருந்தார். அவருடைய மேளங்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஜெயித்தவர்கள் ஆரவாரம் போட்டுக்கொண்டு கடந்து போயிருக்கலாம். போகவில்லை. நாற்சந்தி முழுக்க மொரியாகியையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் கனாமியைப் பார்த்தான். அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்தான். அவளோ சாவகாசமாக பாட்டிலைத் திறந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் மொரியாகியே தொடங்கினான். ஒரு மேளம் சேர்ந்தது, இன்னொன்று சேர்ந்தது, தாளம் காலூன்றியது. அது நன்றாக நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஆற்றங்கரைப் பேட்டை மறுபடியும் மேலே வந்து விழுந்தது பாருங்கள். இந்தத் தடவை மொரியாகி நிமிர்ந்து பார்த்தான். ஹென்சான் சிரித்துக்கொண்டே பாடினார். இவனும் சிரித்துக்கொண்டே பாடினான். தொண்டை கட்டுகிறவரைக்கும் பாடினான். அப்புறம் யார் யார் எத்தனை முறை தடுமாறினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் அவன் காதில் விழவில்லை.

எல்லாம் அடங்கி, ஜனங்கள் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பேட்டைக்காரர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கனாமியிடம் கேட்டான். அவரையே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஹென்சான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும், இதென்ன கேள்வி என்று அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க நின்னுட்டா நாங்க யாரோட பாடறது?"

மொரியாகி திரும்பி வந்து இதைச் சொன்னான். கனாமி தலையாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்குக் கடையில என்னவோ கேட்டீங்களேண்ணே. மறந்துட்டேன்."

"அந்த மேடைச் சத்தத்தை எப்படித் தடுக்கிறதுன்னு."

"தடுக்கணுமா?"

மறுநாள் காலை மொரியாகி மீன் சந்தைக்குப் போய் கெய்ட்டாவிடம், நாம் போகிறோம் என்றான். கெய்ட்டா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மீன் நாற்றத்தோடு அப்படியே கட்டிக்கொண்டான்.

விழா நாள் வந்தது. மொரியாகி பயந்ததில் பாதி அப்படியே நடந்தது. ஜனம் பெரும்பாலும் அந்த முனைக்குப் போய்விட்டது. ரப்பர் செருப்பின் மேடைக்கு முன்னால் நின்றவர்கள் சந்தைக்காரர்கள், சில பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் பாடி நடந்த கல்யாணங்களின் ஜோடிகள். ஜோடிகளின் இடுப்பில் இப்போது குழந்தைகள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கண்ணாடி மழையின் டிரம்ஸ் வந்து விழுந்தது. மைதானமே குலுங்கியது. மொரியாகியின் காது அந்தப் பக்கம் போனது. நல்ல பாட்டாக இருந்தது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னான்.

"அந்தப் பாட்டு நல்லாருக்கு, இல்ல?"

கூட்டம் சிரித்தது.

"ஒரு காயே போடலாமா?"

தீவுக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிறந்ததிலிருந்து தெருவில் பார்க்கிற விளையாட்டு. மொத்தக் கூட்டமும் அந்த மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. குழந்தைகள் தோளுக்கு ஏறின. கெய்ட்டா ஆட்டுப் பாட்டின் தாளத்தை எடுத்தான். விரலை வாயில் வைத்து நூறு பேர் விசில் அடித்தார்கள். 'ஈயா சாசா' என்று ஒபோன் ஆட்டக் கூவல் ஒரே குரலாக எழும்பியது. அந்தக் குரல் கேட்டு, கண்ணாடி மழைக்கு முன்னால் நின்ற உள்ளூர்க்காரர்களும் தங்களை அறியாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பாட்டுக்கு ஆடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

டோக்கியோப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்ஸ் அடித்தவன் விசில் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்ததுதான் தாமதம், கை தவறியது. டயர் கடை உயர ஸ்பீக்கர்கள் எல்லாம் வாயடைத்து நின்றன.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதித்தார்கள். இந்தப் பக்கமாக ஜனம் நகர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ரப்பர் செருப்பு விடாமல் அடித்திருந்தால் மைதானம் மொத்தமும் அவர்கள் கையில். டயர் கடைக்காரன், விடாதே விடாதே என்று கண்ணாலேயே சொன்னான்.

மொரியாகி கையைத் தூக்கினான். கெய்ட்டா நிறுத்தினான்.

இரண்டு மேடையும் சத்தமில்லாமல் நின்றன. அலைச் சத்தம் கேட்டது. அந்த முனையில் டிரம்ஸ்காரப் பையன் எழுந்து நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து, யாரடா இது என்று பார்த்தான். மொரியாகி, ம், நீ ஆரம்பி என்று தலையசைத்தான். இத்தனை தூரத்தில் அது தெரிந்ததோ என்னவோ. பையன் உட்கார்ந்தான். குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். சிரித்திருக்க வேண்டும், அந்தத் தட்டிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரண்டு பாட்டும் நேருக்கு நேர் வந்து மோதின. நடுமைதானம் நிரம்பி வழிந்தது. ஐஸ் விற்கிறவன் பெட்டியை மூடிவிட்டு ஆடினான். காவலுக்கு நின்றவர்கள் கையைத் தூக்கி ஆடினார்கள். ரப்பர் செருப்பு இரண்டு முறை தோற்றது. கண்ணாடி மழை எத்தனை முறை தோற்றது என்று கண்ணாடி மழைக்கே தெரியாது. அந்த மாதத்திலேயே ஜப்பான் முழுக்கப் பத்து ஊர்களிலிருந்து ரப்பர் செருப்பைக் கூப்பிட்டார்கள். கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். டயர் கடையே போதும் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

விழாவுக்கு மறுநாள் மதியம் மொரியாகி கனாமியின் கடைக்கு வந்தான். தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. சந்தோஷத்தில் சாப்பாடும் இறங்கவில்லை. நடந்ததை எல்லாம் கையாலும் கண்ணாலும் பாதிக் குரலாலும் சொல்லி முடித்தான். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி பேசிக்கிறாங்க சென்செய்," என்றான் அவன். "கெய்ட்டா நாமதான்னு சொல்றான். டயர் கடையில அவங்கதான்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. யார் ஜெயிச்சது?"

"அந்தப் பசங்க போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"பின்னாடி எங்களைத் தேடி வந்தாங்க. இந்த விளையாட்டுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நல்லாப் பழகிக்கிட்டு அடுத்த வருஷம் வரோம்னாங்க."

கனாமி கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஆட்டம் இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. நீங்க பாதியில எழுந்து வந்து யார் ஜெயிச்சான்னு கேட்டா, நான் என்னத்தண்ணே சொல்ல?"