இரண்டு டிரைவர்களும் ஒரு பந்தும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எவன் சொன்னானோ. இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ரோஸலின். தலையில் வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் கையுறை, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆடக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை.

சீடருக்கு அறுபது. பெயர் சண்முகசுந்தரம். கோயம்புத்தூரில் பம்புசெட் தொழிற்சாலை வைத்திருப்பவர். அங்கே அவர் இருமினால் நாலு பேர் ஓடி வருவார்கள். கோல்ஃப் பந்துதான் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. கோல்ஃபில் ஆளுக்கொரு ஹேண்டிகேப் எண் உண்டு. எண் பெரிதாக இருந்தால் ஆட்டம் மட்டம் என்று அர்த்தம். அவருடையது இருபத்துநாலு. யாராவது கேட்டால் இருபது என்பார்.

அன்று காலை இரண்டு புது டிரைவர்களைத் தூக்கிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு வந்தார். டிரைவர் என்பது முதல் அடிக்கு எடுக்கிற மட்டை. இருப்பதிலேயே நீளமானது, தலை பருத்தது. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"கோச், இதுல எதுங்க? சீக்கிரம் சொல்லுங்க. ஒன்பதுக்கு ஆட்டம். பையில ஒண்ணுக்குத்தான் இடமிருக்குது."

"என்ன சார் வித்தியாசம்?"

"சிவப்பு, நடுவுல பட்டுச்சுன்னா பறக்குது. ஓரத்துல பட்டா எங்க போகும்னு அதுக்கே தெரியாது. கறுப்பு அவ்வளவு தூரம் போகாது. ஆனா எங்க பட்டாலும் பொறுத்துக்கும்கிறாங்க. கடைக்காரர் சிவப்புங்கிறார். யூடியூப்ல அத்தனை பேரும் கறுப்புங்கிறாங்க. ராத்திரி பூரா தூக்கமில்லீங்க."

"தோத்தா என்ன சார்? ஒரு கோப்பைதானே?"

சண்முகசுந்தரம் கொஞ்சம் தள்ளி, குழிக்குள் பந்தைத் தள்ளிப் பழகும் புல்தரையைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

"கோப்பை கெடக்குதுங்க. அது என் பொண்ணு அகல்யா. பெங்களூர்ல வேலை. வருஷத்துக்கு ஒருக்கா, இந்த ஆட்டத்துக்குத்தான் வர்றா. அவங்கம்மா போனதுக்கப்புறம் எங்களுக்குள்ள மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இன்னிக்குக் கார்ல வரும்போது சொல்றா, 'இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன்ப்பா'ன்னு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? போன வருஷம் தோத்தோம். அதுக்கு முந்தின வருஷமும் தோத்தோம். யாருக்குத்தான் வெறுத்துப் போகாது? இன்னிக்கு ஜெயிச்சுட்டா நிறுத்த மாட்டா. நீங்க எதுன்னு மட்டும் சொல்லுங்க."

அப்பாவும் மகளும் ஆடுவது ஜோடி ஆட்டம். ஆள் இரண்டு, பந்து ஒன்று. ஒருவர் அடித்தால், அது விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் அடிக்க வேண்டும். அப்பா பந்தைக் கொண்டுபோய் எந்தப் பள்ளத்தில் போட்டாலும் இறங்க வேண்டியவள் மகள்.

ரோஸலின் ஏலக்காயை மென்றாள். "போன வருஷம் எப்படி சார் தோத்தீங்க?"

"கடைசிக் குழி. நான் அடிச்சது கொஞ்சம் இடது பக்கமாப் போயி தேயிலைக்குள்ள விழுந்துருச்சு. சரி, விழுந்தா என்ன? எடுத்து வெளிய போட்டா முடிஞ்சுது. அகல்யா மூணு தரம் வீசினா. பந்து அசையவே இல்ல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"என்னமோ சொன்னேனுங்க. அந்த ஆத்திரத்துல யாருக்கு ஞாபகம் இருக்குது? அதை விடுங்க கோச். டிரைவரைப் பாருங்க."

ரோஸலின் சிவப்பை வாங்கிக்கொண்டாள். தரையில் ஒரு பந்தை வைத்தாள்.

"இப்ப நீங்களும் நானும் ஜோடி. முதல் அடி என்னோடது. அடுத்தது உங்களோடது."

கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் அடித்த பந்து நேராகப் போகும். அப்படிப்பட்டவள் நன்றாக இடது பக்கம் திரும்பி நின்று அடித்தாள். பந்து பறந்து சரிவில் இருந்த தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது.

"அய்யய்யோ!" என்றார் சண்முகசுந்தரம்.

"போங்க சார். உங்க அடி."

அந்த மைதானத்தில் தேயிலையும் எல்லைக்குள்தான். விழுந்த இடத்திலிருந்தே அடித்தாக வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட விதி, இன்னும் எவரும் மாற்றவில்லை. சண்முகசுந்தரம் ஒரு குட்டை மட்டையோடு சரிவில் இறங்கினார். பனி ஈரம் முழங்கால்வரை நனைத்தது. பந்து இரண்டு தடித்த தண்டுகளுக்கு நடுவில் கிடந்தது. வீசினார். இலை பறந்தது. பந்து ஒரு சாண் நகர்ந்து இன்னும் உள்ளே போனது.

மேலேயிருந்து குரல் வந்தது.

"என்ன சார் அது! ஒரு பந்தை வெளிய எடுக்கத் தெரியாதா? கண்ணு எங்க இருக்கு?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ரோஸலின் குரலை உயர்த்தி அந்த மைதானத்தில் எவரும் கேட்டதில்லை. மர நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மறுபடி வீசினார். மட்டை தண்டில் மாட்டிக்கொண்டது.

"சுத்தம்! உங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு எனக்குத்தான் மானம் போகுது!"

அவர் மேலே ஏறி வந்தபோது தலைமுடியில் தேயிலை ஒட்டியிருந்தது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் எரிந்தது.

ரோஸலின் கையில் இப்போது கறுப்பு டிரைவர் இருந்தது. மறுபடியும் இடது பக்கம் திரும்பி நின்றாள்.

"கோச், அது தப்பைப் பொறுத்துக்கிற ஸ்டிக்குங்க."

"இப்படி நின்னு அடிச்சா இதுவும் அங்கதான் போகும் சார்." அடித்தாள். பந்து தேயிலைக்குள் விழுந்தது. "போங்க."

"வேணும்னே பண்றீங்க."

"போங்க சார். நேரமாகுது."

போனார். இந்தமுறை பந்தைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே அவர் மேலே பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷம் நூறு பேரை வேலை வாங்கியவர், என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் வாயையே பார்த்தார். வீசினார். மட்டை பந்தைத் தொடவே இல்லை.

"சே! கையா சார் அது?"

சண்முகசுந்தரம் மட்டையை விட்டெறிந்தார்.

"தேயிலைக்குள்ள தள்ளிவிட்டது நீங்க! திட்டு மட்டும் எனக்கா?"

மைதானம் முழுக்கக் கேட்டது. அவருக்கும் கேட்டது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

புல்தரையில் அகல்யா தலையைத் தூக்கியிருந்தாள். ரோஸலினைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். பந்தை அடிக்கவில்லை.

அவர் மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"போன வருஷம் நான் சொன்னது இதுதானுங்களா?"

"நான் அங்க இல்லையே சார்." ரோஸலினின் குரல் பழையபடி தணிந்துவிட்டது. "இருந்தவங்களைக் கேளுங்க."

"இப்பவா? ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம்கூட இல்லீங்களே?"

அவள் இரண்டு டிரைவர்களையும் எடுத்து நீட்டினாள்.

தொழிலதிபர் சங்கத்தில் மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிற மனுஷன். பெற்ற மகளிடம் நாலு வார்த்தை கேட்கக் கால் வரவில்லை. ரோஸலின் நீட்டிய இரண்டு டிரைவர்களையும் வாங்கிக்கொண்டு ஒருவழியாக நடந்தார். ரோஸலின் கொஞ்சம் பின்னால் வந்தாள்.

"சாமி," என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டார்.

அகல்யா நிமிரவில்லை. "சொல்லுங்கப்பா."

கேட்க நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"இதுல எதை எடுத்துக்கட்டும் கண்ணு?"

"எதை எடுத்தா என்னப்பா."

"இல்ல... பந்து தேயிலைக்குள்ள போயிரக் கூடாதில்ல. அப்புறம் நீதானே கஷ்டப்படணும்."

அகல்யா தன் மட்டையைப் பைக்குள் வைத்தாள். வைத்துவிட்டு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பந்து எங்க வேணா போகட்டும்ப்பா. தேயிலைக்குள்ள இறங்க எனக்கு ஒரு பயமும் இல்ல. பந்து நகரலைன்னா உங்க வாயிலிருந்து என்ன வருமோன்னுதான் பயம். நீங்க மேல நின்னுட்டு இருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. வருஷம் பூரா உங்களைப் பார்க்கணும்னு இருக்கு. இங்க வந்தா எப்படா கிளம்புவோம்னு இருக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புறங்கையால் துடைத்தபடியே, ஆட்டம் தொடங்கும் முதல் திடலை நோக்கி நடந்தாள்.

ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "சண்முகசுந்தரம், அகல்யா. முதல் திடலுக்கு வரவும்."

அவர் மகள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடத்தான் தெரியவில்லை. ஒலிபெருக்கி இரண்டாவது தடவை கூப்பிட்டது. அவசரமாக ரோஸலின் பக்கம் திரும்பினார். இரண்டு டிரைவர்களையும் அவள் முன்னால் நீட்டினார்.

"கோச்... எதுங்க?"

"இன்னுமா சார் அதையே கேக்குறீங்க?" என்றாள் ரோஸலின்.