வழியனுப்பிய வார்த்தை

நெடுங்கரை நாட்டு ராஜா இளங்குமணனுக்கு வாயைத் திறப்பதென்றாலே சோம்பல். அன்றைக்கோ எதிரிப்படை ஆற்றைத் தாண்டிவிட்டது! எண்ணூறு வீரர்கள் விடைபெற வந்து நின்றார்கள். மனிதர் வெற்றிலையை மென்றபடி கையை ஆட்டினார். "போங்கள்!"

அவ்வளவுதான். கோட்டை வாசலைத் தாண்டாமல் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தளபதி கரியமாணிக்கம் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உச்சிப்பொழுதுக்குள் படை கிளம்பாவிட்டால் தளபதியின் தலை இருக்காது!"

அரண்மனை விகடகவி மருதக்குட்டிக்குப் பதறிவிட்டது. கரியமாணிக்கம் அவன் உயிர்த்தோழன். நேரே ராஜா முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, நான் போகிறேன்."

"அட கிறுக்கா! வாயைக் கழுவு! 'போய்வருகிறேன்' என்று சொல்லய்யா! கேட்கவே அபசகுனமாக இருக்கிறதே!"

"ஒருத்தன் சொன்னதற்கே இப்படியா? தாங்கள் எண்ணூறு பேரைப் 'போங்கள்' என்றீர்களே. திரும்பமாட்டோம் என்று ராஜாவே முடிவு கட்டிவிட்டார் என்றல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்!"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வீம்பு விடுமா? "சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை."

"மாற்றவே வேண்டாம். பாதிதானே சொன்னீர்கள்? மீதியையும் சொல்லிவிடுங்கள்."

ராஜா மதில்மேல் ஏறினார். கீழே அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. வெற்றிலையைத் துப்பிவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"போய் வாருங்கள், என் பிள்ளைகளா! நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சோறு!"

பார்க்கணுமே! எண்ணூறு பேரும் துள்ளி எழுந்தார்கள். போட்ட கூச்சலில் மதிலே அதிர்ந்தது.

மறுநாள் மத்தியானமே வெற்றியோடு வந்துவிட்டார்கள். வாசலில் ராஜா வாடி வதங்கி நின்றார். எல்லோரும் உயிரோடு வந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"மூன்று நாள் ஆகுமென்று நினைத்தேனே, தளபதி!"

"நானும்தான், மகாராஜா! பயல்கள் எங்கே விட்டார்கள்? 'ராஜா பட்டினி கிடக்கிறார், சீக்கிரம் முடிங்கடா' என்று பாய்ந்துவிட்டார்கள்!"

ராஜா மருதக்குட்டியின் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லு. ஜெயித்தது என் வார்த்தையா, என் வயிறா?"

"வார்த்தை அனுப்பி வைத்தது, மகாராஜா. வயிறு கூட்டிக்கொண்டு வந்தது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "பேச்சு போதுமய்யா, முதலில் இலையைப் போடச் சொல்லு!"