'டிக்' என்று நின்ற கார்

கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர், தன் தாத்தா ஓட்டிய காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பழைய கார்களின் ஊர்வலத்துக்குத் தயாராக வைத்திருந்தார். ஊர்வலத்தன்று காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி.

நிபுணர் வரதராஜுலு வந்தார். பேட்டரியை மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார். மூன்று மணி நேரம் போனதே தவிர கார் கிளம்பவில்லை. கடைசியில், கார் கழுவும் ராக்கியாத்தாளைக் கைகாட்டினார்.

"இவ தண்ணியப் பீச்சியே கெடுத்துட்டா. பேட்டரி புதுசு, மோட்டார் புதுசு. இதுக்கு மேல நான் எதைப் பார்க்கறது?"

"பெயிண்டும் புதுசுதானுங்களே, அதைப் பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

நிபுணர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "நீயே பாரு. ஆனா ஒரு கீறல் கண்ணுல பட்டாலும் நாளைக்கு வேலைக்கு வராதே."

"கண்ணுல படாதுங்க."

பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினாள் ராக்கியாத்தாள். அதன் அடியிலும் பளபளவென்று பெயிண்ட். வயர் இரும்பைத் தொடாவிட்டால் கரண்ட் எப்படிப் போகும்? போல்ட் மறைக்கும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, வயரை மறுபடி முடுக்கினாள்.

முதலாளி சாவியைத் திருப்பினார். உடனே இன்ஜின் உறுமியது. இறங்கிக் குனிந்து குனிந்து தேடியும் கீறல் அகப்படவில்லை.

"இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?" என்றார் நிபுணர்.

"நான் துடைக்காத இடம் இந்தக் கார்ல இல்லீங்க."

முதலாளி முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறிக்கம்மா. வழியில நின்னா நான் யாரைக் கேட்கறது?"